பக்கத்தில் உட்கார்ந்தவன்

ஹா-லெபோனா மலை மருத்துவ நிலையம்,
லெசோத்தோ,
10 பிப்ரவரி 2008

அன்புள்ள மொஹாபி அண்ணாவுக்கு,

சமாதானமும் மழையும் நிறைவும் உன் பக்கம் இருக்கட்டும். நான் நலம். சுரங்கத்துக்குள் இறங்கும் உன் கால்களும் அந்தத் தூசியை வாங்கும் உன் நெஞ்சும் நலமா என்று முதலில் எழுது. கிண்டலை அப்புறம் வைத்துக்கொள்.

மலைக்கு வந்து சேர்ந்துவிட்டேன். நான் வந்த விமானத்தை விமானம் என்று சொன்னால் அதற்கே கூச்சமாக இருக்கும். இறங்கும் இடத்தில் செம்மறிகள் மேய்ந்துகொண்டிருந்ததால், விமானி தாழப் பறந்து அவற்றை விரட்டிவிட்டுத்தான் இறக்கினான். கைபேசி இங்கே வெறும் கைவிளக்கு. ஆகவே கடிதம்தான். புதன்கிழமை விமானம் தலைநகர் மசேரு வரை கொண்டுபோகும். அங்கிருந்து எல்லை தாண்டி உன் பக்கம் வரும் டாக்ஸிக்காரர்கள் மீதி வழியைப் பார்த்துக்கொள்வார்கள்.

முதல் வாரமே ஒரு நோயாளி. பெயர் மொலெஃபி. குதிரை மேல் கம்பளியோடு சேர்த்துக் கட்டி வைத்து, மனைவி மாமெல்லோ கடிவாளத்தைப் பிடித்து நடந்தே கூட்டி வந்தாள். நெஞ்சில் எலும்பு எண்ணலாம். மடியில் மட்டும் ஒரு பெரிய அக்கார்டியன்.

"இதை எதுக்குத் தூக்கிட்டு வந்தீங்க?" என்றேன்.

"நான் செத்தா பெட்டி யாருக்குன்னு தம்பிங்க அடிச்சுக்குவானுங்க டாக்டரம்மா. அதான் கூடவே கொண்டாந்துட்டேன். முடிஞ்சா ரெண்டு பேரையும் சேர்த்துப் புதைச்சிடுங்க" என்றான்.

அவனும் உன்னைப் போல எல்லைக்கு அப்பால் தங்கம் வெட்டியவன். காசநோய் வந்து, மாத்திரை தின்று, பாதியில் விட்டு, மறுபடி தின்று, இப்போது சாதாரண மாத்திரை எதுவும் அந்தக் கிருமியைத் தொடுவதில்லை. எங்கள் அமைப்பு புது மருந்து கொண்டு வந்திருக்கிறது. ஆறு மாதம் தினமும் ஊசி, இரண்டு வருடம் மாத்திரை. அதைவிடப் பெரிய விஷயம், ஒவ்வொரு நோயாளிக்கும் ஊரிலேயே ஒருவரை நியமித்திருக்கிறோம். காலையும் மாலையும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, விழுங்கும் வரை எழுந்திருக்கக் கூடாது. படிக்கும்போது இதைப் பாடமாகத்தான் படித்தேன். இங்கே வந்து பார்த்த பிறகு, அப்படிப் பக்கத்தில் உட்காருவதுதான் மருந்து, மாத்திரை துணைக்கு வருகிறது என்று தோன்றுகிறது.

உன் மகன் செலிசோவை மின்வேலைப் பயிற்சியில் சேர்த்துவிட்டாயா? புலேங் அண்ணியும் குட்டிப் பெண் பலேசாவும் நலமா? ஈஸ்டருக்கு நீ வீட்டுக்கு வரும்போது நானும் இறங்கி வருகிறேன்.

உன் தங்கை,
லினேயோ

*

சுரங்க விடுதி,
தென்னாப்பிரிக்கா,
9 மார்ச் 2008

டாக்டர் தங்கச்சி லினேயோவுக்கு,

உன் வாசலில் பசு நிறைந்து நிற்கட்டும். உனக்குப் பசு பிடிக்காது, ஆனாலும் நிற்கட்டும். என் கால் நலம், நெஞ்சு நலம், வாய் இரண்டையும்விட நலம்.

கடிதத்தை அறையில் உரக்கப் படித்தேன். அக்கார்டியன் இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. என் பக்கத்துப் படுக்கை அர்மாண்டோ, மொசாம்பிக்காரன். கடலோரத்துக்காரன். நம் மலையை ஃபோட்டோவில் பார்த்துவிட்டு "இதுல மனுஷன் இருப்பானா, ஆடுதான் இருக்கும்" என்று சொன்னவன். பதினோரு வருடமாக ஒரே துளைக்கருவியை நானும் அவனும் பிடித்திருக்கிறோம். ஒருமுறை கூரை சரிந்தபோது என் காலைப் பிடித்து வெளியே இழுத்தவன் அவன்தான், உனக்குத் தெரியும்.

அவனுக்கு உன் மொலெஃபிக்கு வந்தது வந்திருக்கிறது. இது மூன்றாவது முறை. சுரங்க ஆஸ்பத்திரியில் ஒரு மாத மாத்திரையைக் கையில் கொடுத்து, ஒப்பந்தம் முடிந்தது, ஊருக்குப் போ என்றுவிட்டார்கள். ஊரில் அவனுக்கு ஆஸ்பத்திரி இரண்டு நாள் நடை. மாத்திரையையும் சரியாகத் தின்பதில்லை.

"அதைத் தின்னா மூத்திரம் செவப்பாப் போவுது. பொண்டாட்டி பார்த்தா பேய் புடிச்சிருக்குன்னுவா" என்கிறான்.

"இங்க எந்தப் பொண்டாட்டிடா வந்து எட்டிப் பார்க்கப் போறா?" என்றேன். அதற்கு மட்டும் சிரித்தான்.

என்ன செய்யலாம் சொல். மூன்றாவது முறை என்றால் பிழைப்பானா?

செலிசோ அடுத்த தவணையில் சேர்ந்துகொள்வான், அவசரம் இல்லை. அண்ணியும் பலேசாவும் நலம் என்று செய்தி.

மொஹாபி

*

ஹா-லெபோனா,
16 மார்ச் 2008

அன்புள்ள அண்ணா,

மழை தவறாமல் பெய்யட்டும் உனக்கு. நான் நலம், ஒரு பல் மட்டும் வலிக்கிறது.

அர்மாண்டோவைப் பற்றிப் படித்ததிலிருந்து மனம் அங்கேயே நிற்கிறது. மூன்றாவது முறை என்றால் சாதாரணக் கிருமியாக இருக்காது. அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்ச் சளியைக் கொடுங்கள். முடிவு வர மாதங்கள் ஆகும். அதுவரை கையில் இருக்கும் மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது.

அவனைத் திட்டாதே. இங்கே வந்த புதிதில் நானும் திட்டினேன். மாத்திரையை நிறுத்துகிறவன் முட்டாள் என்று நினைத்தேன். முட்டாள் யாரும் இல்லை. வெறும் வயிற்றில் அந்த மாத்திரையைத் தின்று பார்த்தால் தெரியும்.

நீ அவன் பக்கத்தில் உட்கார், அண்ணா. மொலெஃபி பக்கத்தில் அவன் ஊர்க்காரி ஒருத்தி தினமும் உட்காருகிற மாதிரி. காலையில் அவன் ஏதாவது சாப்பிட்ட பிறகு மாத்திரையைக் கொடு, விழுங்குவதைப் பார், கொஞ்ச நேரம் பேசு. இருமலைப் பார்த்து ஒதுங்கிப் போனால் அவன் பாதி அன்றே செத்துப்போவான். ஜன்னலை ராத்திரி பகல் திறந்து வை. அவன் ஜன்னலோரம் படுக்கட்டும். காற்று ஓடினால் உனக்குப் பயமில்லை.

மொலெஃபி எழுந்து உட்காருகிறான். நேற்று பெட்டியை எடுத்து வாசித்தான். பிரசவத்துக்கு வந்தவர்கள்கூட வலியை மறந்து கேட்டார்கள். ஒருத்தி மட்டும் "பாட்டை நிறுத்தச் சொல்லுங்க, புள்ள உள்ளயே ஆடிக்கிட்டு வெளிய வரமாட்டேங்குது" என்றாள்.

ஈஸ்டரை மறக்காதே.

லினேயோ

*

27 ஏப்ரல் 2008

லினேயோவுக்கு,

நீயும் உன் மலையும் சுகமாக இருங்கள். நான் சுகம்.

ஈஸ்டருக்கு வர முடியவில்லை. கோபிக்காதே. வேலை அப்படி. இனிமேல் கடிதத்தை விடுதிக்கு அனுப்பாதே. வாயிலுக்கு எதிரே கறிக்கடை வைத்திருக்கும் நொம்புசோ அம்மாள் பெயருக்கு அனுப்பு. அவள் தருவாள். விடுதியில் கடிதங்கள் தொலைகின்றன.

நீ சொன்னபடியே செய்கிறேன். காலையில் சோளக் களி கிண்டி அவனுக்கு முதலில் போடுகிறேன். பிறகு மாத்திரை. விழுங்கும் வரை எதிரில் உட்கார்ந்து அவன் வாயையே பார்க்கிறேன்.

"என்னடா இது, கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்கற மாதிரி பார்க்கற?" என்கிறான்.

"முழுங்குடா, கழுதை. என் தங்கச்சி உத்தரவு."

"உன் தங்கச்சி என்னைப் பார்த்ததே இல்லையே?"

"பார்த்திருந்தா மாத்திரை எழுதியிருக்க மாட்டா, விஷம் எழுதியிருப்பா."

அரசு ஆஸ்பத்திரிக்கும் போனோம். காலை முழுவதும் வரிசை. உள்ளே இருந்த பெண், "அட்டை எங்கே?" என்றாள். அவன் வேலை அட்டையைக் காட்டினான். "இது செல்லாது. ஒப்பந்தம் முடிஞ்சவங்க உங்க நாட்டுல போய்ப் பாருங்க" என்றாள். கெட்டவள் இல்லை, லினேயோ. சொல்லும்போது தலை நிமிரவில்லை. ஆனால் சளிக் குப்பியை மட்டும் யாருக்கும் தெரியாமல் வாங்கி வைத்துக்கொண்டாள். முடிவை வந்து கேட்கச் சொன்னாள்.

அவன் முகத்தில் கொஞ்சம் தெளிவு இருக்கிறது. பக்கத்தில் உட்காருவது மருந்துதான் போலிருக்கிறது. நீ சொன்னது சரி.

மொஹாபி

*

ஹா-லெபோனா,
18 மே 2008

அன்புள்ள அண்ணா,

நலமாக இருப்பாய் என்று நம்பித்தான் தொடங்குகிறேன். ஈஸ்டருக்கு நான் இறங்கி வந்தேன். அண்ணி ஒரு கோழியை உனக்காகக் கட்டியே வைத்திருந்தாள். கடைசியில் நாங்கள் நால்வரும் தின்றோம். நீ அந்த மாதம் வீட்டுக்கு ஒன்றும் அனுப்பவில்லை என்று அவள் வாய் திறந்து சொல்லவில்லை. பலேசா சொல்லிவிட்டாள். என்ன நடக்கிறது? ஏன் முகவரி மாறியது? பதில் எழுது.

இங்கே எனக்கு மனம் சரியில்லை. மொலெஃபிக்குக் காது போகிறது. ஊசியால்தான். ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தேன், சிலருக்கு இப்படி ஆகும் என்று. போன வாரம் பெட்டியை எடுத்து வாசித்துக்கொண்டிருந்தவன் சட்டென்று நிறுத்தி, துருத்தியைப் பிரித்துப் பார்த்தான். ஓட்டை ஏதும் இல்லை. மறுபடி வாசித்தான். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"பெட்டி நல்லாத்தானே இருக்கு?" என்றான்.

நான் தலையாட்டினேன்.

"அப்போ நான்தான்" என்றான்.

ஊசியை நிறுத்தவா என்று காகிதத்தில் எழுதிக் கேட்டேன். நிறுத்தினால் உயிர் போகும், தொடர்ந்தால் காது போகும். மாமெல்லோதான் பதில் சொன்னாள். "போடுங்க டாக்டரம்மா. புள்ளைங்களுக்கு அப்பன் வேணும், பாட்டுக்காரன் வேணாம்."

இதற்கு நடுவில் நிதி கொடுப்பவர்களின் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். ஹென்ரிக் என்று பெயர். நல்ல மனிதர், குதிரைமேல் ஏறத் தெரியாமல் ஏறி மூன்று ஊர் போய்ப் பார்த்தார். கடைசி நாள் சொன்னார், நோயாளி வீடுகளுக்குக் கொடுக்கும் மாவும் எண்ணெயும் இந்த மாதத்தோடு நிற்கிறது என்று.

"எங்க நிதி மருந்துக்குத்தான், டாக்டர். சாப்பாடு வேற துறை."

"சாப்பாடு இல்லாம மருந்து வயித்துல தங்காது, சார். வாந்தியா வந்துடும். அந்த வாந்தி எந்தத் துறை?"

அவர் குறிப்பேட்டைத் திறந்தார். "நான் எழுதறேன். ஆனா அடுத்த வருஷத்துக்குத்தான் ஆகும்" என்றார். சொன்னபோது அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. கண் கலங்குகிறவர்களும் தலை நிமிராதவர்களுமாகச் சேர்ந்துதான் இதை நடத்துகிறோம் போலிருக்கிறது.

அர்மாண்டோவின் சளி முடிவு வந்ததா? ஜன்னல் திறந்திருக்கிறதா?

லினேயோ

*

6 ஜூலை 2008

லினேயோவுக்கு,

நீ நலமா? குளிர் உன் பக்கம் இன்னும் கடுமையாக இருக்கும். கம்பளியை இரண்டாக மடித்துப் போர்த்திக்கொள்.

அர்மாண்டோ போய்விட்டான்.

ஜூன் நடுவில் இரத்தமாக வரத் தொடங்கியது. மாத்திரை அதற்கு முன்பே தீர்ந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் தள்ளுவண்டியில் கொண்டுபோனேன். அதே பெண்தான் இருந்தாள். இந்த முறை தலை நிமிர்ந்தாள். சளி முடிவு வந்திருந்தது. நீ சொன்ன மாதிரி எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி. அந்த மருந்து தருகிற ஆஸ்பத்திரி வேறு ஊரில் இருக்கிறது, படுக்கைக்குக் காத்திருப்போர் நிறைய, அதுவும் அட்டை உள்ளவர்களுக்கு மட்டும். திரும்பக் கூட்டி வந்தேன்.

ஊருக்குப் போகவேண்டும் என்றான். பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள் என்றேன்.

"அப்போ நீ கடலைப் பத்திச் சொல்லு" என்றான்.

"நான் எங்கடா கடலைப் பார்த்தேன்?"

"அதான் நல்லது. பொய் சொல்லு. உன் பொய் நல்லாருக்கும்."

எனக்குத் தெரிந்த பொய்யெல்லாம் சொன்னேன். எங்கள் மலையைத் தண்ணீரில் கரைத்த மாதிரி இருக்கும் என்றேன். அதைக் கேட்டுக்கொண்டே இருந்தான். அவனை இங்கேயே புதைத்தோம். என்னோடு நான்கு பேர். அவன் மனைவிக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவர்கள் ஊரில் டாக்ஸிக்காரர் யாரும் எனக்குப் பழக்கமில்லை.

நீ சொன்னபடி கடைசி வரை பக்கத்தில் உட்கார்ந்தேன். அதை உனக்குச் சொல்லத்தான் எழுதினேன்.

மொஹாபி

*

ஹா-லெபோனா,
20 ஜூலை 2008

அண்ணா,

அர்மாண்டோவின் ஆத்மா நிம்மதி அடையட்டும். அவனுக்காக இங்கே தேவாலயத்தில் ஒரு பாட்டுப் பாடச் சொன்னேன். அவன் பெயரை அவர்களால் சரியாகச் சொல்ல வரவில்லை, ஆனாலும் பாடினார்கள்.

இப்போது நான் கேட்பதற்கு மட்டும் பதில் எழுது. கிண்டல் வேண்டாம்.

நீ இருமுகிறாயா? ராத்திரியில் வியர்க்கிறதா? இடுப்பு வார் தளர்ந்திருக்கிறதா? அந்த அறையில் எத்தனை பேர் படுத்தீர்கள்? நீ இன்னும் சுரங்கத்தில்தான் இருக்கிறாயா?

பனி விழுந்து விமானம் வரவில்லை. இந்தக் கடிதத்தைக் குதிரையில் போகிற ஒருவரிடம் கொடுத்தனுப்புகிறேன். எப்போது கிடைக்குமோ தெரியவில்லை. கிடைத்த அன்றே கிளம்பி வா. மசேருவுக்கு நான் இறங்கி வருகிறேன்.

லினேயோ

*

14 செப்டம்பர் 2008

என் அன்புத் தங்கச்சிக்கு,

நீ நன்றாக இரு.

உன் கடிதம் நொம்புசோ அம்மாளின் கறிக்கடையில் மூன்று வாரம் கிடந்திருக்கிறது. நான் அங்கே போகும் நிலையில் இல்லை. அவளே கொண்டு வந்து கொடுத்தாள், வாசலில் நின்றபடி.

கேட்டதற்குப் பதில். இருமுகிறேன், ஜூனிலிருந்து. வியர்க்கிறது. வாரில் புது ஓட்டை போட்டேன். சுரங்கத்தில் இல்லை. மார்ச்சில், ஈஸ்டருக்கு இரண்டு நாள் முன்னால், எங்கள் குழியையே மூடிவிட்டார்கள். விடுதியிலிருந்து எல்லோரையும் அனுப்பினார்கள். நானும் அர்மாண்டோவும் நொம்புசோ அம்மாளின் கொல்லையில் ஒரு தகர அறை எடுத்துக்கொண்டோம். நான் செங்கல் சுமந்தேன், வண்டி கழுவினேன். வீட்டுக்குச் சொல்லவில்லை. வெறுங்கையோடு எல்லையைத் தாண்டி வந்து செலிசோ முகத்தில் எப்படி விழிப்பேன்? அவன் பயிற்சியும் நின்றுபோயிற்று. அவனுக்குத் தெரியும், அண்ணிக்குத் தெரியாது.

இன்னொன்று. ஜன்னலைத் திறக்கச் சொல்லி நீ எழுதினாய். அடுத்த கடிதத்திலும் கேட்டாய். நான் அதற்குப் பதில் எழுதவில்லை. அந்த அறைக்கு ஜன்னல் இல்லை, லினேயோ. நான்கு தகரமும் ஒரு கதவும். கதவைத் திறந்தால் குளிரில் அவன் இரத்தமாகக் கக்கினான். அதனால் மூடி, கரி அடுப்பை உள்ளே வைத்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்தேன். உனக்கு எழுதினால் உட்காராதே என்பாய். அதனால் எழுதவில்லை.

உன்மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. இதை நீ இரண்டு முறை படித்துக்கொள்.

வருகிற வெள்ளிக்கிழமை எல்லைக்கு வருகிறேன். ஒரு டாக்ஸிக்காரன் ஒப்புக்கொண்டிருக்கிறான். கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் ஓட்டுவேன் என்கிறான். நல்லதுதான் என்றேன்.

உன் மொலெஃபி இப்போது எப்படி இருக்கிறான்?

மொஹாபி

*

ஹா-லெபோனா,
12 அக்டோபர் 2008

அன்புள்ள அண்ணா,

மசேரு ஆஸ்பத்திரியில் உன்னை விட்டுவிட்டு மலை ஏறியதிலிருந்து இந்தக் கடிதத்தை மனதுக்குள் எழுதிக்கொண்டே இருக்கிறேன். ஊசி வலிக்கிறதா? சாப்பாட்டைப் பாதியில் தள்ளுகிறாய் என்று நர்ஸ் எழுதியிருக்கிறாள். தள்ளாதே. அங்கே சாப்பாடு தருகிறார்கள். எல்லோருக்கும் அது கிடைப்பதில்லை.

ஒரு நல்ல செய்தி. நீ வந்த கையோடு அண்ணிக்கும் பலேசாவுக்கும் செலிசோவுக்கும் நெஞ்சுப் படம் எடுத்தேனே, மூன்றும் சுத்தம். ஒரு புள்ளிகூட இல்லை. செலிசோவின் நெஞ்சு ஓடிவரும் குதிரையின் நெஞ்சு மாதிரி இருக்கிறது. படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தேன். இந்த வருடம் என் கண்ணில் பட்ட அழகான காட்சி அதுதான். அவன் படத்தின் உறை மேல் 'நெஞ்சு சுத்தம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அவனிடமே கொடுத்தேன். பத்திரமாக வைத்திரு, பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றேன். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டான்.

இங்கே குட்டி போடும் பருவம். நிலையத்துக்குப் பின்னால் ஓர் ஆடு இரட்டைக் குட்டி போட்டிருக்கிறது. ஒன்று கறுப்பு. அது என் மேசைக்கடியில் வந்து படுத்துக்கொள்கிறது.

அண்ணா, இரண்டு முறை படிக்கச் சொன்னதை எத்தனையோ முறை படித்துவிட்டேன். நான் திற என்றுதான் எழுதினேன். இருக்கிறதா என்று கேட்கவில்லை. இந்த மலையில் எந்தக் குடிசைக்கும் ஒரு துளை உண்டு. அதனால் எனக்குத் தோன்றவே இல்லை. இங்கே நான் சொல்லிக் கொடுக்கிற ஒவ்வொரு வாக்கியத்தையும் இப்போது பயந்து பயந்து சொல்கிறேன். வேலையை விட்டுவிட்டு உன் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.

லினேயோ

*

பெரிய ஆஸ்பத்திரி,
மசேரு,
9 நவம்பர் 2008

லினேயோ,

சுகமா? நான் படுக்கையில் சுகம். எழுத்து கோணலாக இருந்தால் என்னைத் திட்டாதே, ஊசியைத் திட்டு.

இடது காதில் ஒரு வண்டு நாள் முழுவதும் சுற்றுகிறது. வலது காது உன் பேச்சுக்குப் போதும்.

மொலெஃபி எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். நீ ஆட்டுக்குட்டியைப் பற்றி எழுதினாய். சரி. புரிந்துகொண்டேன். மாவு நின்ற பிறகா? நீ பதில் சொல்ல வேண்டாம்.

வேலையை விடாதே. பக்கத்தில் உட்கார எனக்கு ஆள் இருக்கிறது. புலேங் தினமும் வருகிறாள். முகத்தில் துணி கட்டிக்கொண்டு, அந்தப் பெரிய ஜன்னலோரம் உட்கார்ந்து, நம் சொந்தக்காரர்களைத் திட்டுகிறாள். நேரம் போகிறது. இங்கே ஆறு பேர் படுத்திருக்கிறோம். ஐந்து பேர் சுரங்கத்துக்காரர்கள். ஒருவன் மட்டும் வாத்தியார். அவனைப் பார்த்து, "நீ எங்கடா வழி தவறி வந்த?" என்று கேட்டோம். "என் அப்பா சுரங்கத்துக்காரர்" என்றான்.

மருந்து என்னிடம் வேலை செய்யவில்லை என்று டாக்டர் என்னிடம் சொல்லவில்லை. உனக்கு எழுதியிருப்பார். நீயும் எனக்குச் சொல்ல மாட்டாய். நாம் இருவரும் நல்ல அண்ணன் தங்கை.

செலிசோ ஞாயிற்றுக்கிழமை வந்தான். என்னிடம் ஒன்று கேட்டான். நான் வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இருமல் வந்துவிட்டது. இருமி முடித்தபோது அவன் கட்டிலுக்கடியில் கிடந்த என் சுரங்க பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான். சரி என்றேன்.

குளிர் போய்விட்டது இல்லையா? மலையில் காட்டுப் பூக்கள் பூத்திருக்கும். ஒன்றைப் பறித்துத் தலையில் வை. யாரும் பார்க்க மாட்டார்கள், ஆடுகளைத் தவிர.

மொஹாபி

*

18 ஜனவரி 2009

அன்பு நாத்தனார் லினேயோவுக்கு, உன் அண்ணி புலேங் எழுதுவது.

நாங்கள் இங்கே சுகம், நீ சுகமா? அடக்கத்துக்கு வந்து நின்று, எல்லோருக்கும் சோறு போட்டு, விமானத்தைப் பிடிக்க ஓடினாயே, ஒரு வாய் சாப்பிட்டாயா என்றுகூட நான் கேட்கவில்லை. அந்த நினைப்பு வரும்போதெல்லாம் மனசு கஷ்டமாக இருக்கிறது. கறுப்புத் துணி உடுத்தியிருக்கிறேன். வெயிலில் அது சுடுகிறது. பலேசா பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள்.

உன் அண்ணன் கடைசி வாரத்தில் உன் பேச்சுத்தான் பேசினார். வருகிற நர்ஸிடமெல்லாம், "என் தங்கச்சி மலையில டாக்டர், செத்தவனை எழுப்பி வாசிக்க வெச்சவ" என்பார். அவர்கள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார்.

ஒரு செய்தி சொல்ல வேண்டும். செலிசோவுக்கு வேலை கிடைத்துவிட்டது. எல்லைக்கு அப்பால், மூடின குழி ஒன்றை ஓர் ஒப்பந்தக்காரர் எடுத்து மறுபடி திறக்கிறாராம். கல்யாணச் சோற்றுக்குக் கூடுகிற மாதிரி நூறு இருநூறு பையன்கள் வாசலில். எல்லோரையும் நெஞ்சுப் படம் எடுத்துக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். நம் பையன் கையில் நீ கொடுத்த படம் இருந்ததே. உறைமேல் உன் எழுத்தும் கையெழுத்தும். மேஸ்திரி அதை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, "இந்த மாதிரி நெஞ்சுதான்டா எனக்கு வேணும்" என்று சொல்லி அன்றே சேர்த்துக்கொண்டாராம். வந்து சொன்னபோது எனக்கு அழுகையும் வந்தது, அடுப்பையும் பற்ற வைத்தேன். வீட்டில் மாவு தீர்ந்து ரெண்டு வாரம் ஆகியிருந்தது.

திங்கட்கிழமை காலையில் போனான். அவன் அப்பாவின் பூட்ஸ் அவனுக்குச் சரியாக இருந்தது.

உனக்கு அவன் சொல்லச் சொன்னது இது. அந்தப் படம் சேர்ந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குத்தான் செல்லுமாம். அடுத்த ஜனவரியில் புதுசு கேட்பார்களாம். "அத்தைகிட்ட இப்பவே சொல்லி வை, மறந்துடப் போறாங்க. அவங்க கையெழுத்துன்னா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க" என்றான்.

நேரத்துக்குச் சாப்பிடு. உன் பதிலை எதிர்பார்க்கிறேன்.

அண்ணி,
புலேங்